பதினொன்று நானூறு

சங்கிலிமுடி எஸ்டேட்டில் மரியபுஷ்பத்தின் மகள் ஜெர்லினைப் புலி கவ்விக்கொண்டு போனபோது பிள்ளையைத்தான் கொண்டுபோனது, பிள்ளையின் எடையைக் கொண்டுபோகவில்லை. அது தாயின் இடது இடுப்பிலேயே தங்கிவிட்டது. புலி என்று நான் சொல்வது சிறுத்தையைத்தான். வனத்துறைக் காகிதத்தில் அது சிறுத்தை, எங்கள் லயத்து வரிசை வீடுகளில் புலி. பெயரை மாற்றிச் சொன்னதற்காக அது யாரையும் விட்டுவைத்ததும் இல்லை, கூடுதலாகக் கடித்ததும் இல்லை.

எங்கள் எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து எடை போடுவதற்கு ஒரு வழக்கம் உண்டு, வேறு எந்த எஸ்டேட்டிலும் நான் அதைப் பார்த்ததில்லை. எடைக் கொட்டகைக்கு முன்னால் வருடம் பூராவும் சேறு என்பதால், மூட்டையைக் கீழே இறக்காமல் தலையில் வைத்தபடியே பெண்கள் இரும்புத் தராசின் மேல் ஏறி நிற்க வேண்டும். மாதம் ஒன்றாம் தேதி ஒவ்வொருத்தியின் வெறும் எடையையும் பார்த்துச் சுவரில் இருக்கும் கரும்பலகையில் எழுதிவிடுவார்கள். தராசு காட்டுவதில் அதைக் கழித்தால் மீதி கொழுந்து. ஆகவே எங்கள் உடம்பின் கனம் ஊருக்கே தெரியும், எவள் முழுகாமல் இருக்கிறாள் என்பது அவள் புருஷனுக்கு முன்பே கரும்பலகைக்குத் தெரிந்துவிடும். மரியபுஷ்பத்தின் எடை அந்த மாதம் நாற்பத்தாறு கிலோ இருநூறு.

அன்றைக்குச் சாயங்காலம் ஐந்தரை இருக்கும். பிள்ளைக் காப்பகத்தை ஐந்து மணிக்கு மூடிவிடுவதால் ஜெர்லின் எப்போதும்போல அம்மாவின் இடுப்பில் ஏறியிருந்தாள். மூன்றரை வயதாகியும் நடக்கச் சொன்னால் நடக்காத பிள்ளை, 'தூக்கு' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு உலகத்தை நடத்திவந்தவள். வரிசை நீளமாக இருந்தது, கண்ணை மறைக்கிற மஞ்சு இறங்கிக்கொண்டிருந்தது, எடை பார்க்கும் சூப்பர்வைசர் பொன்னுரங்கம் கெட்டவர் இல்லை, அவசரக்காரர்.

"பிள்ளையோட ஏறாத புஷ்பம். இறக்கிவிட்டுட்டு ஏறு" என்றார்.

"இறங்கு கண்ணு, எடை போட்டுட்டுத் தூக்கிக்கிறேன்" என்றாள் மரியபுஷ்பம். ஜெர்லின் முகத்தைச் சுளித்துக்கொண்டு இறங்கினாள். தராசின் முள் ஆடி நின்றது, பொன்னுரங்கம் அதைச் சத்தமாகப் படித்தார், படித்து முடிப்பதற்குள் கொட்டகை ஓரத்துத் தேயிலைச் செடிகள் ஒருமுறை அசைந்து அடங்கின. அவ்வளவுதான், ஒரு சத்தம் இல்லை. மூன்று நாள் தேடியதில் நீலக் கம்பளிச் சட்டை ஒன்று கிடைத்தது. அதை ஒரு சின்னப் பெட்டியில் வைத்து மாதா கோயில் கல்லறையில் அடக்கம் செய்தோம், பெட்டியைச் சுமந்துபோன ஜெர்லினின் அப்பன் அருளப்பன், "ஒண்ணுமே கனக்கலையே, ஒண்ணுமே கனக்கலையே" என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே போனான்.

கனம் எங்கே போயிற்று என்பது ஒன்பதாம் நாள் தெரிந்தது. அன்றைக்கு மரியபுஷ்பம் வேலைக்கு வந்தாள், வந்து பேசாமல் கொழுந்து பறித்தாள், சாயங்காலம் முக்கால் மூட்டையோடு தராசில் ஏறினாள். தராசு எழுபத்தைந்து எண்ணூறு காட்டியது. பொன்னுரங்கம் கழித்துப் பார்த்துவிட்டு மூட்டையைப் பார்த்தார், மூட்டையைப் பார்த்துவிட்டு மறுபடி கழித்தார், கடைசியில் மூட்டையைத் தனியாக வாங்கிப் படுதாவில் கொட்டி உள்ளே கல் இருக்கிறதா என்று கையால் துழாவினார். கொழுந்தைத் தவிர ஒன்றும் இல்லை. மூட்டையை மட்டும் எடை போட்டால் பதினெட்டு இருநூறுதான் வந்தது.

"பதினொண்ணு நானூறு எங்கிருந்து கூடுதலா வருது?" என்றார்.

பிள்ளைக் காப்பகத்தைப் பார்த்துக்கொள்ளும் சுகந்தி தன் இரண்டு வயது மகள் மோனிஷாவைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசைக்கு வெளியே நின்றிருந்தாள். மாதாமாதம் பிள்ளைகளை எடை போட்டு நோட்டில் எழுதுகிறவள் அவள்தான். அவள் சொன்னாள். "அது ஜெர்லினோட எடை சார். ஒண்ணாந்தேதி நான்தான் எழுதினேன்."

மரியபுஷ்பம்தான், ஏதோ காணாமல் போன சாவி தன்னிடம் இருப்பதைச் சொல்கிறவள் மாதிரி, சாதாரணமாகச் சொன்னாள். "ஒன்பது நாளா இங்கதான் இருக்கா. சொன்னா நம்ப மாட்டீங்கன்னு சொல்லல."

மறுநாள் காலையில் கரும்பலகையில் அவள் பெயருக்குக் கீழே ஒரு புதிய வரி இருந்தது. 'ஜெர்லின் – 11.400.' பொன்னுரங்கம் அதை எழுதும்போது சாக்பீஸ் இரண்டு தடவை உடைந்தது. அதற்குப் பிறகு அவர் எந்தப் பெண்ணிடமும் பிள்ளையை இறக்கிவிட்டு ஏறு என்று சொல்லவில்லை.

ஒரு வாரத்தில் எங்களுக்கு அது பழகிவிட்டது. மனுஷருக்கு எதுதான் பழகாது. மாதா கோயில் பெஞ்சில் அவளுக்கு இரண்டு பேர் இடம் விட்டோம், ஜீப்பில் அவள் ஏறினால் இடது பக்கம் தாழ்கிறது என்று டிரைவர் அவளை நடுவில் உட்கார வைத்தார், நடக்கும்போது அவள் வலது பக்கமாகச் சாய்ந்து நடந்தாள், பிள்ளை சுமக்கிற எல்லாப் பெண்களும் அப்படித்தானே நடக்கிறோம். மத்தியானம் சோறு தின்று முடித்த நேரத்தில் கனம் இடுப்பிலிருந்து தோளுக்கு ஏறிவிடும், தூங்குகிற பிள்ளை முழித்திருக்கும் பிள்ளையைவிடக் கூடுதலாகக் கனக்கும் என்பது பெற்றவர்களுக்குத் தெரியும், அப்போது மட்டும் அவள் கொழுந்து வெட்டும் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு அரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருப்பாள். பொள்ளாச்சிக்குப் போக வேண்டி வந்தபோது பஸ்ஸில் ஒரு எலுமிச்சம்பழத்தை இடுப்புக்கு மேலே, ஒரு சின்ன மூக்கு இருக்க வேண்டிய உயரத்தில், நாற்பது கொண்டை ஊசி வளைவும் முடிகிறவரை பிடித்துக்கொண்டே போனாள். ஜெர்லினுக்கு மூன்றாவது வளைவிலேயே வாந்தி வந்துவிடும், அது கண்டக்டர் வரைக்கும் தெரிந்த விஷயம்.

அந்தக் கனம் வேறு யார் கைக்கும் வராது. அருளப்பன் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தான், அவன் கைக்குள் வெறும் காற்றுதான் வந்தது. கடைசியில் அவன் ஒரு வழி கண்டுபிடித்தான், ஃபேக்டரி வேலை முடிந்து வந்ததும் மரியபுஷ்பத்தையே இரண்டு கையாலும் தூக்கிக்கொள்வான், அப்படித் தூக்கினால் பெண்டாட்டியோடு மகளும் சேர்ந்து கனப்பாள். லயத்து வாசலில் வளர்ந்த ஒரு பெண்ணைப் புருஷன்காரன் தூக்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்து யாரும் கேலி செய்யவில்லை. எங்களுக்கும் நெஞ்சு என்று ஒன்று இருக்கிறது.

இதெல்லாம் ஒரு பக்கம். மறுபக்கம் புலி.

எடை இல்லாத பிள்ளையைத் தின்றதாலோ என்னவோ, அதுவும் எடையில்லாமல் போயிருந்தது. முதலில் பார்த்தது நாங்கள்தான், பதினேழாம் நம்பர் தேயிலைக் காட்டில், காலை பதினோரு மணி வெயிலில். கத்தரித்து மட்டமாக நிற்கும் தேயிலைச் செடிகளின் மேல், தரையில் நடப்பதுபோல அது நடந்துபோனது, ஒரு கொழுந்துகூட வளையவில்லை. சேற்றில் அதற்குக் கால் தடம் இல்லை. முன்னெல்லாம் லயத்துத் தகரக் கூரையில் புலி நடந்தால் தட் தட் என்று கேட்கும், பிள்ளைகளை உள்ளே இழுத்துப் போட்டுக் கதவை அடைத்துவிடுவோம். இப்போது அது கூரையில் நாள் முழுக்கப் படுத்திருந்தாலும் கீழே இருப்பவளுக்குத் தெரியாது. இரண்டு வாரத்தில் லயத்து நாய்கள் ஏழும் ஒன்றன்பின் ஒன்றாகக் காணாமல் போயின, ஒன்றுகூடக் குரைத்துவிட்டுப் போகவில்லை. எடைதான் இல்லையே தவிர, அதற்குப் பல் இருந்தது.

வனத்துறை கூண்டு கொண்டுவந்தது. கூடவே வனக்காவலர் சந்தனராஜ் வந்தார், பதினான்கு வருஷத்தில் ஆறு புலி பிடித்தவர், அதற்குமேல் பிடிக்க முடியாமல் போனவற்றின் கதையையே அதிகம் சொல்கிறவர். கூண்டில் இரண்டு அறை. பின்னறையில் கம்பிக்குப் பின்னால் ஆடு, முன்னறையின் தரையில் ஒரு மிதிபலகை. ஆட்டைப் பார்த்து உள்ளே வரும் புலி பலகையை மிதித்தால் கதவு விழும். கேட்கச் சுலபம். ஆனால் கூண்டில் மனுஷ வாடை இருந்தால் புலி வராது, ஆகவே சாணியும் தழையும் பூசித் தேய்க்க வேண்டும். ஆடு கத்தினால்தான் வரும், ரொம்பக் கத்தினால் சந்தேகப்படும். வயிறு நிறைந்திருந்தால் வராது. வந்தாலும், வந்தது நமக்கு வேண்டிய புலிதானா என்று யார் சொல்வது. இதையெல்லாம் சந்தனராஜ் எங்களுக்கு விளக்கமாகச் சொல்லிவிட்டு, கேமராவை ஒரு சில்வர் ஓக் மரத்தில் கட்டினார்.

இந்தப் புலி முதல் நாளே வந்தது. மறுநாள் காலையில் கேமராவில் படம் பார்த்தோம். மிதிபலகையின் மேல் நாலு காலையும் வைத்துப் புலி நிற்கிறது, கம்பி வழியே ஆட்டைப் பார்க்கிறது, ஆடு புலியைப் பார்க்கிறது, கதவு திறந்தே இருக்கிறது. அடுத்த நாலு நாளும் அதே படம். சந்தனராஜ் பலகைக்கு எண்ணெய் போட்டார், உருளைக்கிழங்கு மூட்டையைத் தூக்கிப் போட்டுப் பார்த்தார், கதவு படாரென்று விழுந்தது. பழுது எதுவும் இல்லையே என்று அவரே உள்ளே நடந்து பார்த்தார், பூட்டிக்கொண்டது, நாங்கள் போய்த் திறந்துவிடும்வரை ஒரு மணி நேரம் ஆட்டோடு உட்கார்ந்திருந்தார். அந்த இரண்டு மாதத்தில் நாங்கள் சிரித்தது அன்றைக்கு மட்டும்தான்.

பிறகு கதவில் கயிறு கட்டி, தூரத்தில் பதுங்கியிருந்து, புலி உள்ளே போனதும் கையால் இழுத்துவிட்டார். கதவு விழுந்தது. ஆனால் அது விழுந்த வேகத்தில் எழுந்த காற்றே புலியைத் தூக்கி, கதவுக்கு முன்னால் வெளியே கொண்டுவந்து போட்டுவிட்டது, காய்ந்த சருகு பறக்கிறதே, அந்த மாதிரி. மயக்க ஊசி சுட வந்தவருக்கும் அதே கதை. ஊசி கிளப்பிய காற்றிலேயே புலி ஒரு அடி தள்ளிப் போய் நின்று, ஊசி போன திசையை ஆற அமரத் திரும்பிப் பார்த்தது. அவர் துப்பாக்கியைப் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டு கீழே இறங்கிவிட்டார்.

மார்கழி பிறந்து ஒரு வாரம் இருக்கும், காலை எட்டு மணி, பிள்ளைக் காப்பகத்து வாசற்படியில் மோனிஷா உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். தின்றுகொண்டே மேலே கை நீட்டி எதையோ பிடிக்கப் பார்த்தாள். சுகந்தி உள்ளிருந்து பார்த்தபோது, கூரையின் விளிம்பிலிருந்து ஒரு வால் தொங்கிக்கொண்டிருந்தது, அதன் நுனி பிள்ளையின் விரலுக்கு ஒரு சாண் மேலே ஆடிக்கொண்டிருந்தது. அவள் பிள்ளையின் காலைப் பிடித்து உள்ளே இழுத்தாள். அன்றைக்கு முழுக்கப் பிள்ளையை அவள் இடுப்பிலிருந்து இறக்கவில்லை.

சந்தனராஜ் அன்று சாயங்காலம் தன் படங்களையெல்லாம் எடைக் கொட்டகையில் தேதிவாரியாகப் பரப்பி வைத்தார். பதினேழாம் நம்பர் காட்டில் புலி வந்த அன்று மரியபுஷ்பம் அங்கே கொழுந்து பறித்தாள், ஒன்பதாம் நம்பருக்கு வந்த அன்று அவள் ஒன்பதில் இருந்தாள், காப்பகத்துக் கூரையில் வந்த அன்று அவள் அந்த வாசல் வழியாகத்தான் வேலைக்குப் போனாள்.

"அது ஆட்டுக்காகச் சுத்தல" என்றார், யார் முகத்தையும் பார்க்காமல். "அன்னைக்கு அரைகுறையா எடுத்துட்டுப் போயிடுச்சு. மிச்சத்துக்காகச் சுத்துது. அந்தக் கனம் அதுகிட்டப் போய்ச் சேர்ற வரைக்கும் அது கூண்டுல நிக்காது, இந்த எஸ்டேட்டை விட்டும் போகாது."

நாங்கள் எல்லாரும் மரியபுஷ்பத்தின் இடது இடுப்பைப் பார்த்தோம். அவள் அதைக் கையால் மூடிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு நாங்கள் நடந்துகொண்டதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். கொழுந்து பறிக்கும்போது அவள் நிரைக்குப் பக்கத்து நிரையை விட்டுவிட்டு அடுத்ததில் நின்றோம். குழாயடிக்கு அவள் வந்தால் எங்கள் குடம் அரைகுறையாக நிரம்பியிருந்தாலும் தூக்கிக்கொண்டு நடந்தோம். மாதா கோயிலில் அவளுக்கு விட்ட இரண்டு பேர் இடம் ஐந்து பேர் இடமாயிற்று. லயத்தில் ஐந்து வயசுக்கு உட்பட்ட பிள்ளைகள் ஒன்பது பேர், அவர்களில் ஒன்று என்னுடையது.

முகத்துக்கு நேராகக் கேட்டது சுகந்தி மட்டும்தான். "அக்கா, நீ என்னைத் திட்டினாலும் பரவால்ல. போன பிள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டு இருக்கிற பிள்ளைங்களைக் காவு குடுக்கப் போறியா?"

மரியபுஷ்பம் குழாயை நிறுத்தினாள். "போன பிள்ளைக்கு எடை ஏறுமா சுகந்தி?"

சுகந்தி மோனிஷாவை இழுத்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள்.

"போன மாசம் எரநூறு ஏறியிருக்கா. இந்த மாசம் எரநூத்தம்பது. நீதானே பிள்ளைங்க எடைய மாசாமாசம் எழுதுற. வளர்ற பிள்ளைக்குத்தானே அப்படி ஏறும், சொல்லு."

அது பொய் இல்லை. கரும்பலகையில் எல்லாரும் பார்த்ததுதான். மரியபுஷ்பம் இளைத்துக்கொண்டே வந்தாள், ரவிக்கையை இரண்டு விரல்கடை பிடித்துத் தைத்திருந்தாள், ஆனாலும் தராசு மாதாமாதம் கூடுதலாகத்தான் காட்டியது. ஜெர்லின் வளர்ந்துகொண்டிருந்தாள். அப்படி ஒரு பிள்ளையை விட்டுவிடு என்று எந்த வாயால் சொல்வது. சுகந்தி மோனிஷாவைத் தூக்கிக்கொண்டு அழுதுகொண்டே போய்விட்டாள்.

இரண்டு நாள் கழித்து, அதே எடைக் கொட்டகை, அதே ஐந்தரை மணி, அதே மஞ்சு. மரியபுஷ்பம் மூட்டையோடு தராசில் நிற்கிறாள். சுகந்தியின் கையை உதறிக்கொண்டு மோனிஷா வரிசையைத் தாண்டி ஓடிவந்து, தராசுக்கு முன்னால் சேற்றில் நின்று இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு மரியபுஷ்பத்தைப் பார்த்து, "தூக்கு" என்றாள். பிள்ளைக்கு முதுகுப் பக்கம், ஆறடி தூரத்தில், தேயிலைச் செடியின் மேல் புலி நின்றிருந்தது.

நாங்கள் முப்பது பெண்கள் இருந்தோம், ஒருத்தியும் நகரவில்லை. புலி மோனிஷாவைப் பார்க்கவே இல்லை, மரியபுஷ்பத்தின் இடது இடுப்பைத்தான் பார்த்தது, ஆனால் அதற்கும் இடுப்புக்கும் நடுவே மோனிஷா நின்றாள். மரியபுஷ்பம் தலை மூட்டையைத் தள்ளிவிட்டுவிட்டுக் குனிந்து, பிள்ளையை வாரி வலது இடுப்பில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று. புலி செடியிலிருந்து இறங்கிச் சேற்றில் தடமில்லாமல் நடந்துவந்து, அவள் முழங்கையை முகர்ந்தது. அதன் மூச்சு சூடாகப் பட்டது என்று பிறகு சொன்னாள். அப்புறம் திரும்பி மஞ்சுக்குள் போய்விட்டது. ஏன் போயிற்று என்று எனக்குத் தெரியாது, இரண்டில் எது தன்னுடையது என்று அதற்குக் குழம்பியதோ என்னவோ.

மரியபுஷ்பம் மோனிஷாவைச் சுகந்தியிடம் கொடுத்தாள். கொடுத்துவிட்டு நேராகச் சந்தனராஜிடம் போனாள். "ஆடு இருக்கிற அறையில நான் உக்காரணும்."

"அம்மா, ஆடு இருக்க வேண்டிய இடத்துல ஆள் உக்காரலாம்னு எந்த ஆர்டர்லயும் இல்ல."

"உக்காரக் கூடாதுன்னு இருக்கா?"

அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "அதுவும் இல்ல" என்றார்.

மறுநாள் மத்தியானம் அவள் வேலைக்குப் போகவில்லை. சோறு பிசைந்து வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தாள், கனம் தோளுக்கு ஏறித் தூங்கி முழிக்கும்வரை அசையாமல் இருந்தாள். நாலரை மணிக்கு அருளப்பன் வந்து அவளைத் தூக்கிக்கொண்டான், லயத்து வாசலிலிருந்து கூண்டு வரைக்கும் அரை மைல் ஏற்றம், இறக்காமல் தூக்கிக்கொண்டே நடந்தான், நாங்கள் பின்னால் போனோம். பின்னறைக்குள் அவளை உட்கார வைத்துப் பூட்டிவிட்டு, சந்தனராஜும் அருளப்பனும் நாங்களும் மேலே பாறைக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டோம்.

வெளிச்சம் இருக்கும்போதே அது வந்தது. செடிகளின் மேல் நடந்துவந்து, கூண்டுக்கு முன்னால் இறங்கி, திறந்திருந்த கதவு வழியே உள்ளே போய், மிதிபலகையின் மேல் நின்றது. பலகை அசையவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் மரியபுஷ்பம், இந்தப் பக்கம் அது, நடுவே மூன்று முழ தூரம்.

"இறங்கு கண்ணு" என்றாள் மரியபுஷ்பம்.

அது எங்களுக்குக் கேட்டது. கனம் இறங்கவில்லை. அவள் கழுத்து ஒரு பக்கமாக இழுபட்டது, பிள்ளை பயந்தால் கழுத்தைக் கட்டிக்கொள்ளுமே, அப்படி.

"அம்மா அன்னைக்கு இறங்குன்னு சொன்னது தப்புதான். எடை போட்டுட்டுத் தூக்கிக்கிறேன்னு பொய் சொன்னேன். இன்னைக்குப் பொய் சொல்லல கண்ணு, தூக்கிக்க மாட்டேன். உன் கையும் காலும் கண்ணும் எல்லாம் அங்கதான் இருக்கு. நீ மட்டும் இங்க என்ன பண்ணுவ. போய்ச் சேந்துக்கோ. மோனிஷா பாப்பா சின்னவ இல்லியா. இறங்கு சாமி."

அருளப்பன் சட்டைக் கையைக் கடித்துக்கொண்டு கிடந்தான். ரொம்ப நேரம் ஒன்றும் நடக்கவில்லை, புலியும் அசையவில்லை. பிறகு அவள் இடது தோள் மெல்ல மேலே எழும்பியது. பின்னறைத் தரையின் இரும்புத் தகடு டொங் என்றது. இன்னொரு தடவை டொங் என்றது. நடக்கச் சொன்னால் நடக்காத பிள்ளை நடந்துபோனது, மூன்று எட்டு, நாலாவது எட்டு கம்பியைத் தாண்டிப் புலி நின்ற பக்கம் விழுந்தது.

புலியின் முதுகு தாழ்ந்தது. அதன் கால்கள் அகன்றன, விரல்கள் பலகையில் பதிந்தன, இரண்டு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக அதற்குத் தன் உடம்பு கனத்திருக்க வேண்டும், அது திடுக்கிட்டுக் கீழே பார்த்தது. பலகை இறங்கியது. கதவு விழுந்தது. விழுந்த காற்றில் மரியபுஷ்பத்தின் முடி பறந்தது, புலி நின்ற இடத்திலேயே நின்றது. அப்புறம் அது உறுமிய உறுமலில் லயத்துத் தகரமெல்லாம் அதிர்ந்தது.

பின்னறையைத் திறந்து அவளை வெளியே எடுத்தபோது, ஒரு எட்டு வைத்தாள், வலது பக்கமாகச் சாய்ந்து விழுந்தாள். எழுப்பிவிட்டோம், மறுபடி விழுந்தாள். அந்தப் பக்கம் சாய்ந்தே நடந்து பழகிய உடம்பு, அதற்கு இன்னும் விஷயம் தெரியாது.

காலையில் கீழே கொண்டுபோக லாரி வந்தது. கூண்டைத் தூக்க எட்டுப் பேர் வேண்டும் என்றார் சந்தனராஜ், அருளப்பன் முன்னால் வந்து ஒரு மூலையைப் பிடித்தான். தூக்கினார்கள். இரண்டு எட்டு வைத்ததும் அவன் முகம் கோணியது. "கனக்குது" என்றான். "கனக்குது புஷ்பம்." அதையே சொல்லிக்கொண்டு லாரி வரைக்கும் போனான், மற்ற ஏழு பேரும் தலையைக் குனிந்துகொண்டே நடந்தார்கள்.

மரியபுஷ்பம் லாரி டிரைவரிடம் ஒரு எலுமிச்சம்பழத்தைக் கொடுத்தாள். அவர் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, வண்டி புறப்படும்போது எல்லாரும் செய்வதுபோல, நசுக்கிவிட்டுப் போக முன் சக்கரத்தின் அடியில் வைத்தார். அவள் குனிந்து அதை எடுத்தாள், முந்தானையில் துடைத்தாள், லாரியின் பின்பக்கம் ஏறிக் கம்பி வழியாகக் கூண்டுக்குள் போட்டாள். யாரும் தடுக்கவில்லை. புலி உறுமுவதை நிறுத்திவிட்டு அதை முகர்ந்தது.

"அது சக்கரத்துக்கு இல்லண்ணே" என்றாள். "வளைவுல மெதுவாப் போங்க. பிள்ளைக்கு வாந்தி வரும்."

டிரைவர் அவளைப் பார்த்தார், கூண்டைப் பார்த்தார், பிறகு எங்கள் எல்லாரையும் பார்த்தார். "சரிம்மா" என்றார்.

சாதாரணமாக ஒன்றரை மணி நேரத்தில் இறங்கிவிடுகிற மலை. அன்றைக்கு அந்த லாரி நாற்பது வளைவையும் இறங்கி முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது என்று பிறகு கேள்விப்பட்டோம்.